முதுகுக்குப் பின்னால் ஓர் இன்ஜின்

ஜாக்கி மேலே ஏறியது, கார் ஏறவில்லை. செந்தில்நாதன் சந்தேகத்தோடு கைப்பிடியை இன்னும் கொஞ்சம் சுற்றினான். அப்பளம் நொறுங்குவதுபோல ஒரு சத்தம் வந்தது. அவன் குனிந்து கீழே பார்ப்பதற்குள், கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற வளர்மதி உள்ளே பார்த்துவிட்டாள். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் தரைவிரிப்பு கூடாரம்போல எழும்பி நின்றது. அதை விலக்கினால் ஜாக்கியின் தலை. காரின் அடித்தகடு முழுக்கத் துருவேறி, பார்வைக்கு மட்டும் இரும்பாக இருந்திருக்கிறது.

"என்னங்க, ஜாக்கி உள்ள வந்து உக்காந்துகினு இருக்குது" என்றாள். சொல்லி முடிக்கும் முன்பே அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. செந்தில்நாதன் சிரிக்கவில்லை. கையில் ஒட்டிய துருவைத் துடைத்துக்கொண்டே, கதவிலிருந்து அவள் கையை மெல்ல எடுத்துவிட்டான். "நீ அதப் புடிக்காத, வளரு. கை வலிக்கப் போகுது."

அந்தப் பழைய ஜென் கார் இரண்டு வருடமாகக் குவார்ட்டர்ஸ் வேலியோரம் முந்திரி மரத்தடியில் உறை போர்த்திக் கிடந்தது. உறைக்குள் மழைத்தண்ணீர் தேங்கியதை யாரும் கவனிக்கவில்லை. அந்த இரண்டு வருடத்தில் அவர்கள் கவனித்தது வேறு. வளர்மதியின் இடது மார்பில் ஒரு கட்டி, பாண்டிச்சேரி ஆஸ்பத்திரி, அறுவை, மருந்து, கதிர்வீச்சு, கொட்டிய முடி, மறுபடி முளைத்த முடி. அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிட்டதால் இடது கை அவ்வப்போது வீங்கும். மணிக்கட்டிலிருந்து தோள்வரை இறுக்கமான ஒரு துணியுறை போட்டுக்கொள்ளவேண்டும். சுரங்கத்தில், நிலக்கரி போகும் பெல்ட்டுகளின் கன்ட்ரோல் ரூம் வேலைக்கு அவள் திரும்பிவிட்டாள். இரவு ஷிப்டை மாற்றிப் பகல்நேர ஜெனரல் ஷிப்ட் கொடுத்திருந்தார்கள். கார் ஓட்டலாம், கைக்குக் கொஞ்சம் வேலை கொடுப்பது நல்லதுதான் என்று டாக்டரே சொல்லிவிட்டார். செந்தில்நாதனுக்குத்தான் அந்தச் சொல் காதில் ஏறவில்லை. அனல் நிலையத்தில் டர்பைனைப் பிரித்துப் பூட்டுகிறவன், வீட்டில் அவள் ஒரு குடம் தண்ணீரைத் தொட்டால் ஓடிவந்து வாங்கிக்கொண்டான். அவன் அன்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதனாலேயே அவளுக்கு மூச்சு முட்டியது.

நோய்க்கு முன் அவர்களுக்கு ஒரு பைத்தியம் இருந்தது. எங்காவது ஒரு மைதானத்தில் ஆரஞ்சுக் கூம்புகளை நட்டு வளைவும் நெளிவுமாகத் தடம் போட்டிருப்பார்கள். ஒருவர் பின் ஒருவராகத் தனித்தனியே ஓட்டவேண்டும். மோதல் கிடையாது, முந்தல் கிடையாது, கடிகாரத்தோடுதான் போட்டி. வருகிறவர்களும் பல் டாக்டர், ஐ.டி. கம்பெனிக்காரர், மளிகைக்கடைக்காரர் என்று சாதாரண ஆட்கள்தான். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே காரை மாற்றி மாற்றி ஓட்டினார்கள். அவன் எப்போதும் அவளைவிட ஒரு மயிரிழை வேகம். திரும்பி வரும்போது வடலூர் தாண்டும்வரை அந்த மயிரிழையைப் பற்றிச் சண்டை நடக்கும். "ஞாயித்துக்கெழம ஆனா ரெண்டு பேரும் கார எடுத்துக்கினு எங்கதான் போயிட்டு வரீங்க?" என்று பக்கத்துக் குவார்ட்டர்ஸ் காந்திமதி கேட்பாள். பதில் சொன்னாலும் அவள் நம்பியதில்லை.

அன்று மாலை காப்பி குடிக்கும்போது செந்தில்நாதன் சொன்னான். "இதை எடைக்குப் போட்டுட்டு வேற வண்டி வாங்கிக்கலாம். ஆட்டோமேட்டிக். பவர் ஸ்டீயரிங். நீ ஒரு விரல்ல திருப்பலாம்."

அவன் சொன்னது ஆஸ்பத்திரிக்குப் போய்வருவதற்கான கார். அது அவளுக்குத் தெரிந்தது. டம்ளரைக் கீழே வைத்தாள்.

"இன்ஜின் நல்லாத்தான இருக்குது? கியர்பாக்ஸும் நல்லாருக்குது. கோயம்புத்தூர்ல ஒருத்தர் வெறும் சட்டமும் மேல்மூடியும் செஞ்சு விக்கிறாரு. நம்ம இன்ஜின அதுல வச்சு நாமளே கட்டிக்கலாம்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "இதெல்லாம் எப்ப பாத்த?"

"மருந்து ஏத்தும்போது" என்றாள். "சொட்டு சொட்டா எறங்கும். எவ்ளோ நேரந்தான் அந்தப் பாட்டிலயே பாத்துகினு கெடக்கிறது?"

பொய்யில்லை. ஆஸ்பத்திரியின் சாய்வு நாற்காலியில், வலது கையில் ஊசியோடு, இடது கையில் போனைப் பிடித்துக்கொண்டு அவள் பார்த்ததெல்லாம் இந்த மாதிரிக் கார்கள்தான். குழாய்களை ஒட்டவைத்த கூடு, அதற்குமேல் மெல்லிய தோல், நாலு சக்கரம். கதவு இல்லை, கண்ணாடி இல்லை. ஜென்னே குருவி மாதிரிதான், அதைவிடவும் எடை குறைவு. வாய்க்குள் உலோகச் சுவை ஊறிக் குமட்டும்போது எதை எங்கே பொருத்துவது என்று யோசிப்பாள். முன்னால் இன்ஜின் வைத்த மாதிரி ஒன்று இருந்தது. சீட்டுக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் இன்ஜின் வைத்த மாதிரி இன்னொன்று. எது தேவலை என்று அந்த நாற்காலியில் ஒரு முடிவுக்கும் வரமுடியவில்லை. முடிவு செய்யாமல் விட்ட ஒரு விஷயம் மிச்சமிருந்தது அப்போது அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

கோயம்புத்தூரில் சிங்காநல்லூருக்கு அப்பால், தென்னந்தோப்பை ஒட்டிய ஒரு கொட்டகைதான் பட்டறை. அதை நடத்தும் செங்குட்டுவன் நாற்பதைத் தொடாத ஆள், தாடிக்குள் எப்போதும் ஒரு சிரிப்பு. "வாங்கக்கா, வாங்கண்ணா" என்று அழைத்துப்போய் இரண்டு கார்களையும் காட்டினான். முதலாவதற்கு நீண்ட மூக்கு. இரண்டாவது குட்டையாக, தவளை தாவப்போகிற மாதிரி உட்கார்ந்திருந்தது. பின்னால் ஒரு தோப்பு முதலாளியின் சிமெண்டுக் களத்தில் கூம்புகள் நட்டிருந்தன.

"ரெண்டுலயும் உங்க இன்ஜினு உக்காரும். நீள மூக்குக்கு மட்டும் வேற கியர்பாக்ஸ் வேணும். குட்டையில உங்க இன்ஜினயும் கியர்பாக்ஸயும் அப்படியே தூக்கிப் பின்னாடி வச்சிரலாமுங்க. ஆனா ரெண்டும் ஒண்ணில்ல, சொல்லிட்டேன். ஓட்டிப் பாருங்க."

நீள மூக்கை முதலில் செந்தில்நாதன் எடுத்தான். முதல் வளைவில் தயங்கினான், இரண்டாவதில் தயங்கவில்லை. பின்சக்கரம் லேசாக வழுக்கி அவன் பிடிக்குத் திரும்பி வரும்போது களத்தோரம் நின்ற வளர்மதிக்கு அவன் முகம் தெரிந்தது. இரண்டு வருடமாக அந்த முகத்தை அவள் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தவன் இவன்தான், ஆனால் அந்த முகம் வேறு. இறங்கும்போது இளைஞன்போலக் குதித்து இறங்கினான். "வளரு, இது சொன்ன பேச்சு கேக்குது!" என்றான்.

அடுத்து அவள் உட்கார்ந்தாள். தோள்பட்டை வார் சரியாகத் தழும்பின்மேல் விழுந்தது. கைக்குட்டையை மடித்து அடியில் கொடுத்து இறுக்கிக்கொண்டாள். கிளம்பியதும் சந்தோஷமாகத்தான் இருந்தது. கூம்புகளுக்கு இடையில் பாம்பாக நெளியும் இடம் வந்தபோது ஸ்டீயரிங் கனத்தது. வலது பக்கம் திருப்ப இடது கை மேலே தள்ளவேண்டும். மூன்றாவது திருப்பத்தில் அக்குளுக்குள் ஒரு கயிறு இழுத்துப் பிடித்தது. பல்லைக் கடித்து முடித்துக்கொண்டு வந்தாள். இறங்கியதும் இடது கையைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டாள்.

"எப்படி?" செந்தில்நாதனின் கண்கள் இன்னும் மின்னிக்கொண்டிருந்தன.

"சூப்பரா இருக்குதுங்க. இதையே எடுத்துக்கலாம்."

அவன் முகத்தைப் பார்த்தபின் வேறெதுவும் சொல்ல வாய் வரவில்லை. அந்த முகத்துக்காக அவள் இன்னொரு கையையும் கொடுத்திருப்பாள்.

"அதயும் ஒரு தடவ பாத்துருங்க, வந்ததே வந்தீங்க" என்று செங்குட்டுவன் குட்டைக் காரைக் காட்டினான். "ஒண்ணே ஒண்ணுங்கண்ணா. வளைவுல போயிட்டிருக்கறப்ப பயந்துட்டு ஆக்சிலேட்டர்ல இருந்து சடார்னு கால எடுத்துராதீங்க. கனமெல்லாம் பின்னாடி இருக்குது. எடுத்தா வண்டி பம்பரந்தானுங்க."

செந்தில்நாதன் தலையாட்டிவிட்டுப் போனான். நெளியும் இடத்தில் கார் கத்தரிக்கோல்போல வெட்டிக்கொண்டு போனது. கடைசியில் ஒரு நீண்ட வளைவு. பாதி வளைவில் அவன் மற்ற எல்லா மனிதரும் செய்வதைச் செய்தான், காலை எடுத்தான். கார் தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றி, வந்த திசையைப் பார்த்து நின்றது. டயர் புகை தோப்புக்குள் போனது. அவன் இறங்கி நடந்து வந்தபோது உதடு வெளுத்திருந்தது.

"இது வேண்டாம்" என்றான்.

"சரிங்கண்ணா" என்றான் செங்குட்டுவன். எல்லாம் முடிந்தது என்றுதான் இருந்தது. வளர்மதியும் அதை அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் பாதிக் களத்தில், பின்பக்கத்துச் சூடு இன்னும் அலையாக எழும்ப, அந்தக் கார் தலைமாறி நின்றுகொண்டிருந்தது. யாராவது போய்த்தான் அதை எடுத்துவர வேண்டும். அவள் நடந்துபோய் உட்கார்ந்தாள்.

"வளரு! வேண்டாம்னு சொல்றேன்ல?" அவன் குரல் பின்னால் வந்தது.

இன்ஜினைக் கிளப்பினாள். முன்னால் ஒன்றுமே இல்லை, நேரே தரை தெரிந்தது. முதுகுக்குப் பின்னால், ஒரு தகட்டுக்கு அந்தப்பக்கம், யாரோ அடிவயிற்றிலிருந்து பாடத் தொடங்கியதுபோல இருந்தது. ஸ்டீயரிங்கைத் திருப்பினாள். திரும்பியது. நம்பாமல் எதிர்ப்பக்கம் திருப்பினாள். முன்சக்கரங்களின் மேல் பாரமே இல்லை. தண்ணீரில் கை அளைவது மாதிரி இருந்தது. கயிறு இழுக்கவில்லை. நெளியும் இடத்தை மெதுவாக ஒருமுறை போனாள், திரும்பிவந்து வேகமாக ஒருமுறை போனாள். நீண்ட வளைவு வந்தது. பின்பக்கம் நழுவத் தொடங்குவதை இடுப்பில் உணர்ந்தாள். கால் தானாக எழும்பப் பார்த்தது. எழும்பாதே என்று வாய்விட்டே சொன்னாள். கார் ஒருகணம் யோசித்தது, பிறகு அவளோடு வந்தது.

அவள் நிறுத்தியபோது செங்குட்டுவன் மட்டும்தான் நின்றிருந்தான். செந்தில்நாதன் தோப்போரத் தண்ணீர்த் தொட்டியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். கோபம் போலிருக்கிறது என்று நினைத்து அவள் போனாள்.

"அந்த வண்டியில உனக்குக் கை வலிச்சுதா?" திரும்பாமலே கேட்டான்.

அவள் துணியுறையை மணிக்கட்டில் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"துப்பட்டாவுக்குள்ள கைய வச்சுக்கிட்டு சூப்பர்னு சொன்ன. அப்பவே தெரிஞ்சுது. தெரிஞ்சும் சும்மா நின்னேன். அந்த வண்டி மேல அவ்வளவு ஆசை."

"நான் வேணும்னேதான் அப்படிச் சொன்னேன். உங்க மூஞ்சி அப்படி இருந்துச்சு. ரெண்டு வருசமா என்னத் தூக்கிகினு திரிஞ்சீங்களே, இதாவது உங்களுக்குப் புடிச்சதா இருக்கட்டுமேன்னு..." அவள் செங்குட்டுவன் நின்ற பக்கம் கை காட்டினாள். "அவரு அந்த நீள மூக்குல பவர் ஸ்டீயரிங் மோட்டாரு வச்சுத் தருவாருன்னா அதையே எடுத்துக்கலாங்க. உங்களுக்கு இந்த வண்டி ஒத்துவரல."

செந்தில்நாதன் துண்டு இல்லாமல் சட்டையிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"அது சுத்துனப்ப பயந்துட்டேன், வளரு. செத்தேன்னு நெனச்சேன். ரெண்டு வருசமா வேற ஒரு பயத்தோடதான் எந்திரிக்கிறேன், தூங்குறேன். அந்தப் பயத்துக்கு நான் செய்யறதுக்கு ஒண்ணுமே இல்ல. டாக்டர் மூஞ்சியப் பாத்துட்டு உக்காந்திருக்கணும். இது அப்படி இல்ல. இது காலுக்குக் கீழ இருக்குது. பழகிக்கலாம்." பிறகு அவளைப் பார்த்தான். "இந்தப் பயம் பரவால்ல. இதையே எடுத்துக்கலாம்."

"நான் உங்கள ஜெயிச்சிடுவேனுங்க."

"அதையும் பாத்துருவோம்."

சட்டம் லாரியில் வந்து இறங்கியபோது ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கார் ஷெட்டுக்குத் தார்ப்பாய் கட்டி, மஞ்சள் விளக்குப் போட்டு, வேலை முடிந்த மாலைகளில் இருவரும் அதற்குள் கிடந்தார்கள். ஜென்னிலிருந்து இன்ஜினைக் கழற்றித் தூக்கிய அன்று மந்தாரக்குப்பத்து லேத் பட்டறைக்காரர் ஆட்களோடு வந்தார். இன்ஜின் உட்கார வேண்டிய தாங்கியில் ஒரு துளை பொருந்தவில்லை. அதைத் திருத்தி வாங்குவதற்குள் கார்த்திகை தீபமே முடிந்துவிட்டது. நிறைய நாட்கள் ஒன்றுமே நடக்கவில்லை. சில நாட்கள் முந்தின நாள் செய்ததைப் பிரித்தார்கள். வயர்களெல்லாம் வளர்மதியின் பொறுப்பு. கன்ட்ரோல் ரூமில் எந்த விளக்கு எரிந்தால் எங்கே பெல்ட் நின்றது என்று படிக்கிற கண் அவளுக்கு. ஒருநாள் பழக்கதோஷத்தில் செந்தில்நாதன் அவள் கையிலிருந்த ஸ்பானரை வாங்க வந்தான். அவள் ஏறிட்டுப் பார்த்தாள். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றான்.

காந்திமதி குடையோடு வந்து எட்டிப் பார்த்தாள். குழாய்க் கூட்டையும் அதற்குள் உட்கார்ந்திருந்த வளர்மதியையும் மாறிமாறிப் பார்த்தாள். "ஏன் வளர்மதி, இதுக்குக் கதவெல்லாம் வருமா, இல்ல இப்புடியேதானா?"

"இப்புடியேதாங்க்கா."

"மழ வந்தா?"

"நனையணும்."

காந்திமதி யோசித்தாள். "ஒடம்பு பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனவள், சற்றுநேரத்தில் ஒரு தட்டு நிறைய வெங்காய பஜ்ஜியோடு திரும்பி வந்தாள்.

தை முடிவில் கார் தன் காலில் நின்றது. பண்ருட்டிக்குப் பக்கத்தில் வளர்மதியின் மாமன்மகன் தெய்வசிகாமணிக்கு முந்திரிக் கம்பெனி. கொட்டை காயவைக்கும் சிமெண்டுக் களம் சீசன் வரும்வரை காலிதான். சாலையில் ஓட்ட உரிமமில்லாத கார் என்பதால் சின்ன லாரியில் ஏற்றிப்போய் அங்கே இறக்கினார்கள். கூம்புக்குப் பதில் எண்ணெய் டின்கள். மாசி மாதம் முழுக்க ஞாயிறுதோறும் செந்தில்நாதன் அந்தக் களத்தில் காரோடு பம்பரமாகச் சுற்றினான். டின்கள் நசுங்கின. தெய்வசிகாமணி கட்டிலில் உட்கார்ந்து எண்ணெய் டின் சாகும் அழகை ரசித்தார். "மாப்ள, அந்த டின்னு உங்களுக்கு இன்னா பண்ணிச்சி?" என்று கேட்பார். செந்தில்நாதன் வியர்வையும் தூசியுமாக இறங்கி, சிரித்துக்கொண்டே மறுபடி ஏறுவான். ஒவ்வொரு வாரமும் வளைவில் இன்னும் கொஞ்சம் தூரம் போன பிறகே சுற்றினான். வளர்மதியும் சுற்றினாள், குறைவாக. கை சில நாள் வீங்கியது. வீங்கினால் அந்த வாரம் ஓட்டமாட்டாள். "இந்த வாரம் நீங்க மட்டும்" என்று சொல்லிவிடுவாள், மறைக்கவில்லை. களத்தில் முந்திரிக்கொட்டை கொட்டத் தொடங்கியதும் பயிற்சி நின்றது.

போட்டி ஆடியில், திருச்சிக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரி மைதானத்தில். காற்று சுழற்றியடித்துக் கூம்புகளைச் சாய்த்துக்கொண்டே இருந்தது. நிமிர்த்துவதற்கென்றே ஆட்கள் ஓடினார்கள். பழைய முகங்கள் சில வந்திருந்தன. பல் டாக்டர் வளர்மதியைப் பார்த்துவிட்டு என்ன கேட்பதென்று தெரியாமல் நின்றார். பிறகு குட்டைக் காரைச் சுற்றிவந்து, பின்மூடியைத் திறந்து பார்த்து, "இது ஜென் இன்ஜினா!" என்றார். அவளுக்கு அது போதுமாக இருந்தது. மற்றவர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். அவளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எல்லாரும் காரைப் பற்றித்தான் கேட்டார்கள்.

முதல் ஓட்டத்தில் செந்தில்நாதன் சுற்றவில்லை. பார்த்தவர்கள் வாய் பிளக்கிற மாதிரி ஒரு நேரம் போட்டான். வளர்மதி அதைக் கேட்டுவிட்டுத்தான் ஏறினாள். அந்த நேரம் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்ததாலோ என்னவோ, கடைசி வளைவில் காலை எடுத்துவிட்டாள். மைதானம், கல்லூரிக் கட்டடம், கூட்டம், வானம் எல்லாம் ஒருமுறை அவளைச் சுற்றிவந்து நின்றன. தூசி அடங்கியபோது தூரத்தில் செந்தில்நாதன் தெரிந்தான். அவன் ஓடிவரவில்லை. நின்ற இடத்திலேயே இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கித் தட்டிக்கொண்டிருந்தான்.

இரண்டாவது ஓட்டத்தில் அவள் அவன் நேரத்தை மறந்தாள். இடுப்பு சொன்னதைக் கேட்டாள். முடிவுக்கோட்டில் நின்று ஹெல்மெட்டைக் கழற்றும்போது ஒலிபெருக்கி அவள் நேரத்தைச் சொன்னது. காற்றில் பாதி போய்விட்டது. பல் டாக்டர்தான் வந்து சொன்னார். அவள் செந்தில்நாதனை மயிரிழையில் முந்தியிருந்தாள்.

"அது காத்து உனக்குப் பின்னால இருந்து அடிச்சுது" என்றான் அவன்.

"காத்துமில்ல, ஒண்ணுமில்ல. ஒத்துகினு போங்க."

"இன்னும் ஒரு ஓட்டம் இருக்குது."

இருந்தது. ஆனால் மேற்கே மலைக்கோட்டைப் பக்கம் வானம் கறுத்துவிட்டது. விருப்பமில்லாதவர்கள் விலகிக்கொள்ளலாம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். சிலர் வண்டியை லாரியில் ஏற்றிக் கட்டத் தொடங்கினார்கள். மற்றவர்கள் வரிசையில் நின்றார்கள். வரிசை நகர்வதும் நிற்பதுமாக இருந்தது. இன்ஜின் சூடேறிவிடும் என்று வளர்மதி அதை அணைத்துவிட்டு இறங்கினாள். முதல் துளி ஹெல்மெட்டில் விழுந்தது. அடுத்தது சூடான பின்மூடியில் விழுந்து சுர்ரென்று ஆவியானது.

"போயிரலாமா?" என்றான் செந்தில்நாதன்.

"நீங்க போறீங்களா?"

"நான் ஏன் போறேன்?"

முன்னால் நின்ற கார் கிளம்பியது. தொடக்கக் கோட்டுக்குப் போகும் பாதை காலியானது. செந்தில்நாதன் சீட்டுக்குப் பின்னாலிருந்த வளைகம்பியில் தோளைக் கொடுத்தான். வளர்மதி வலப்பக்கம் நின்று, கதவில்லாத பக்கவாட்டின் வழியே இடது கையை உள்ளே விட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டாள். தள்ளியதும் கார் ஒரு மரக்கட்டை ஓடம்போல அசைந்து நகர்ந்தது. துணியுறையின்மேல் மழைத்துளிகள் ஒவ்வொன்றாக விழுந்து கருத்துப் படர்ந்தன. ஈரமும் காய்ந்ததுமாகத் திட்டுத்திட்டாகக் கிடந்த மைதானத்தில், சாய்ந்த கூம்புகளை ஆட்கள் ஓடி ஓடி நிமிர்த்திக்கொண்டிருக்க, இரண்டு பேரும் குனிந்து, ஒரே நடையில், காரைக் கோட்டை நோக்கித் தள்ளிக்கொண்டு போனார்கள்.